கையிலுள்ள முத்திரையும் திரையிலுள்ள அட்டையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து மண்கும்பானை அடைவர். வேலணைத் தீவிலுள்ள இம் மணற்பாங்கான ஊரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், ஒரு விடுமுறைக் காலத்தில் நிகழ்ந்த சிறு உரையாடல் இன்றைய சேகரிப்பாளர் யாவரும் சிந்திக்கத்தக்க வினாவொன்றை எழுப்பியது.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பத்து வயதுப் பேரன் தன் கைத்தொலைபேசியை அப்பப்பாவிடம் நீட்டினான். அதில் நூற்றுக்கணக்கான போக்கிமொன் அட்டைகள் வரிசையாக நின்றன. 1996ஆம் ஆண்டு யப்பானில் அச்சட்டைகளாகத் தொடங்கிய அவ்விளையாட்டு, 2024 ஒக்ரோபரில் சேகரிப்புக்கெனவே அமைந்த புதியதொரு கைத்தொலைபேசிச் செயலியாகவும் வெளிவந்தது. திரையில் விரலை இழுத்தால் உறை கிழியும். உள்ளிருந்து அட்டைகள் எழும். பெரியவர் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்று கேட்டார்.

"உதில ஒண்டை எனக்குத் தரேலுமோ, மோனை?"

"உங்களிட்டையும் இந்தச் செயலி இருக்கவேணும், அப்பப்பா. இருந்தாலும் எல்லாத்தையும் மாத்தேலாது."

பெரியவர் எழுந்து சென்று, அலுமாரியிலிருந்து பழைய கடித உறையொன்றை எடுத்துவந்தார். அதனுள் இருந்தது ஒரேயொரு தபால் முத்திரை. 1971ஆம் ஆண்டு வெளியான, ஆறுமுக நாவலரின் உருவம் தாங்கிய முத்திரை அது. முத்திரை வியாபாரி எவரும் அதனை அரிய பொருளெனக் கொள்ளமாட்டார். அதன் பின்புறத்தில், சிறுவனொருவனின் கையெழுத்தில், பென்சிலால் 41 என்று இலக்கமிடப்பட்டிருந்தது.

உலகின் முதல் ஒட்டு முத்திரை 1840இல் பிரித்தானியாவில் வெளியானது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்பிரல் முதலாந் திகதி வெளிவந்தது. அதன் பின்னர் இந்நாட்டிலும் முத்திரை சேகரித்தல் படித்தோரின் பொழுதுபோக்காக வளர்ந்தது. தீவுப்பகுதிக்கோ அதில் ஒரு தனி வாய்ப்பு இருந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்துடன் திரும்பிய பெரியவர்கள் பல ஊர்களில் வாழ்ந்தனர். அவர்களுக்கு வந்த கடிதங்களின் உறைகளே சிறுவர்களின் செல்வமாயின. நீரில் ஊறவைத்து முத்திரையைக் கழற்றுவதும், தாள்களுக்கிடையே உலர்த்துவதும், அப்பியாசக் கொப்பியில் ஒட்டுவதும் அவர்கள் தாமாகவே கற்றுக்கொண்ட கலைகள்.

அச் சிறுவர்களுள் ஒருவராகவே இவ்வாசிரியரும் இருந்தார். தம்மிடம் இரண்டிருந்த நாவலர் முத்திரைகளுள் ஒன்றை வகுப்புத் தோழனுக்குக் கொடுத்து, பாயும் புலியின் உருவம் பொறித்த பழைய மலாய முத்திரையொன்றைப் பெற்றார். மாற்று முடிவதற்கு ஒரு வாரம் பிடித்தது. எது பெறுமதி கூடியது என்பதில் இருவருக்கும் இணக்கமில்லை. ஈற்றில் இருவருமே தாம் ஏமாந்துவிட்டதாக எண்ணி வீடு சென்றனர். மறுநாள் மீண்டும் ஒன்றாகவே பள்ளிக்கு வந்தனர்.

1990 ஓகஸ்டில் இராணுவ நடவடிக்கை தீவுப்பகுதிக்குப் பரவியபோது மண்கும்பான் மக்களும் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். பிள்ளைகளையும் உறுதிப் பத்திரங்களையும் எடுத்தவர்களுக்கு முத்திரைக் கொப்பியை எடுக்க நினைவு வரவில்லை. ஆண்டுகள் பல கழித்து ஆசிரியர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கொப்பி இருந்த பெட்டியும் இருக்கவில்லை. புலி முத்திரையும் அதனோடு போயிற்று. எண்பதுகளில் இங்கிலாந்து சென்றிருந்த தோழர் இச்செய்தியை அறிந்து ஒரு கடிதம் அனுப்பினார். அதனுள், பழைய பாடப் புத்தகமொன்றின் இடையே தங்கியிருந்த 41ஆம் இலக்க முத்திரை இருந்தது. ஆசிரியர் தமக்கென வைத்துக்கொண்டவை அனைத்தும் அழிய, அவர் பிறருக்குக் கொடுத்த ஒன்றே அவரிடம் மீண்டுவந்தது.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு கையிற்பிடிக்கும் பொருளே உயர்ந்தது என முடிவுகட்டிவிடலாமா? அவ்வாறு செய்வது எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது. தாளுக்குத் தீயும் கறையானும் பகை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்தகைய இழப்புகளை அறிந்த சமூகத்திலே, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணிவருவது பெரும்பேறு என்றே கூறவேண்டும். கொப்பியின் படங்களேனும் எஞ்சியிருந்தால் ஆசிரியரும் மகிழ்ந்திருப்பார்.

எனினும் நகல் வேறு, வாடகை வேறு. நூலகத்தின் படி எவருடைய கணினியிலும் இறங்கி அவரிடமே தங்கும். பெருகப் பெருகப் பாதுகாப்பும் கூடும். செயலியிலுள்ள அட்டையோ நிறுவனத்தின் கணினியில் இருந்துகொண்டு, பிள்ளையின் திரையிலே தோற்றமளிக்கின்றது. 'எல்டர் ஸ்குறோல்ஸ்: லெஜன்ட்ஸ்' என்னும் அட்டை விளையாட்டின் வழங்கிகள் 2025 சனவரியில் நிறுத்தப்பட்டபோது, பலர் பணங்கொடுத்துச் சேர்த்த அட்டைகளும் அவற்றுடன் மறைந்தன. இத்தகைய எண்ணிமப் பண்டங்களை விற்போர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகக் கூறவேண்டுமென்று கலிபோர்னியா மாநிலம் சட்டமியற்றி, அது 2025இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, தாளா திரையா என்பதிலும் பார்க்க, எடுத்தவர் பிறருக்குக் கொடுக்கும் உரிமை உடையவரா என்பதே இங்கு முதன்மையான வினா.

அச்சட்டையைப் போற்றும் சந்தையும் ஒரு தவறு செய்கின்றது. மிக்கி மான்டில் என்னும் பேஸ்போல் வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று 2022இல் 126 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. மூலை மழுங்காமல், கறை படியாமல் அது தப்பியிருந்ததே அவ்விலைக்கு முக்கிய காரணம். அச்சந்தையின் அளவுகோலில் 41 என்னும் பென்சில் எழுத்து ஒரு பழுது. ஆசிரியருக்கோ அவ்வெழுத்தில்லாவிடின் அது எவருடைய முத்திரையோ ஆகிவிடும்.

பேரன் முத்திரையின் இருபுறத்தையும் படமெடுத்துக்கொண்டான். அதுவும் நன்றே. பின்னர் ஏதோ நினைத்தவனாய்த் தன் பயணப்பையைத் துழாவி, மூலை மடிந்த அச்சட்டையொன்றை வெளியே எடுத்தான். வகுப்புத் தோழன் ஒருவன் கொடுத்ததாம். மடிந்திருந்தமையால் எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தானாம்.

"இதை மாத்தலாம், அப்பப்பா. ஆனா உங்கடை முத்திரைக்கு இது காணுமோ தெரியேல்லை."

பெரியவர் அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, இருபுறமும் திருப்பிப் பார்த்தார். உடனே விடை கூறவில்லை. நல்ல மாற்றுக்கு ஒரு வாரமாவது வேண்டும் என்றார். பேரன் திரும்பிப் போவதற்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன.