செவிக்கு ஒரு காவல்

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் கேட்கும் செவியைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா நம்மிற் பலருக்கு எழுவதில்லை. எனக்கு அவ்வினா எழுந்தது ஓர் இரவல் இயர்போனினால்.

விடுதி நண்பன் ஒருவன் உயர்ரக இயர்போன் ஒன்று வைத்திருந்தான். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே பால் வெட்டும் என் தாயின் இரண்டு மாதச் சம்பளத்திலும் அதன் விலை கூடியது. அத்துணை விலைக்கு அதிலே என்னதான் உண்டு என்றறியும் ஆவலால், விடுமுறைக்கு அதனை இரவல் பெற்று வீடு சென்றேன்.

இத்தகைய கருவியை அணியும் சுகம், ஆக்கம், ஒலி என மூன்று வகையால் மதிப்பிடுவர்.

முதலாவது சுகம். செவித்துளை ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமான, வளைந்த வழி. அதன் அகலமும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலாற்றான் சிறிதும் பெரிதுமாகப் பல முனையுறைகள் உடன் வருகின்றன. என் வலச்செவிக்கு நடுத்தர உறையும் இடச்செவிக்குச் சிறியதும் பொருந்தின. பொருந்தாவிடின் தாழ்ந்த ஒலிகள் கசிந்துபோய் இசை சோகை பிடித்துத் தோன்றும். பொருந்தினாலும் ஒரு குறை உண்டு: பேசும்போது நம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் நமக்கே முழங்கும்.

அடுத்தது ஆக்கம். கூடு உலோகத்தால் ஆயது; வயர் கழற்றி மாற்றத்தக்கது. மலிவான இயர்போன்களில் பெரும்பாலும் முதலில் அறுவது வயரே. அது அறுந்ததும் கருவி முழுவதுமே குப்பைக்குப் போகும். இங்கு அந்நிலை இல்லை.

மூன்றாவது ஒலி. நாகசுரப் பதிவொன்றைக் கேட்டேன். தவிலின் தொப்பியும் வலந்தலையும் வெவ்வேறாகத் தெளிந்தன. நாகசுரக் கலைஞர் மூச்செடுப்பதும் கேட்டது. உள்ளே ஒலியெழுப்பும் நுண்பொறி, காதுகேள் கருவிகளுக்கென வளர்ந்த வகையைச் சேர்ந்தது. செவிப்புலன் ஆய்வாளரான மீட் கிலியன் 1983 இல் தொடங்கிய எட்டிமோட்டிக் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட இஆர்-4, இவ்வகையை இசை கேட்போரிடம் கொண்டு சென்ற முன்னோடிகளுள் ஒன்று.

என் மதிப்பீடு இத்துடன் முடிந்திருக்கும். அப்பா அருகில் வந்து அமர்ந்தார். இருபது ஆண்டுகள் கிறேப் இறப்பர் உருட்டும் றோலரின் பக்கத்தில் நின்றவர் அவர். முனையுறையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது நம்ம எறப்பரா தம்பி?"

"இல்லப்பா, சிலிக்கன்."

அவர் செவிகளில் பொருத்தினேன். தவிலொலிக்கு அவர் விரல்கள் முழங்காலில் தாளமிட்டன. பின்னர் ஒரு சொற்பொழிவை ஒலிக்கவிட்டேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, "சத்தம் கேக்குது. பேச்சுத்தான் வெளங்கல" என்றார்.

பேரிரைச்சல் முதலில் அழிப்பது 4000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர் ஒலிகளை உணரும் நுண்கலங்களையே. உயிரொலிகள் பெரிதும் தாழ்ந்த அதிர்வில் நிற்பதால் தப்பிவிடும். சகரம் முதலான மெய்களின் நுட்பம் மங்கிப்போகும். வீட்டில் நாம் ஒன்று கேட்க அவர் வேறொன்று சொல்வதும், நாம் சிரிப்பதும் நினைவுக்கு வந்தன. என் தலை குனிந்தது.

சொற்பொழிவை நிறுத்தினேன். லயத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இயர்போனைக் கழற்றாமலே கூரையை அண்ணாந்து பார்த்தவர், "மழ சத்தத்தக்கூட இவ்வளவு அடைக்குதே! மில்லுல நிக்கிறப்ப இப்படி ஒன்னு குடுத்திருந்தா?" என்றார்.

என்னிடம் விடையில்லை. இத்துணை விலையுள்ள கருவியும் அதற்கு வேண்டியதில்லை. ஒரு வேளைச் சோற்றின் விலைக்கு வாங்கக்கூடிய, பஞ்சுபோல் மிருதுவான செவியடைப்பானே பெரும்பங்கு காத்திருக்கும்.

புற இரைச்சலை அடைத்து, தாழ்ந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கச் செய்வதே இக்கருவியின் தலையாய குணம் என்பது என் முடிபு. பேராதனையிலிருந்து கேகாலைக்கு வரும் பஸ்ஸில், இரைச்சலை வெல்லவென்று என் மலிவான இயர்போனின் ஒலியை உச்சத்தில் வைப்பதே என் வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல்லாயின் 4 மணி நேரமே. அப்பாவின் செவியை வறுமை கெடுத்தது. என் செவியை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இயர்போனை நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குச் செவிப்பரிசோதனைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அந்த றோலரின் பக்கத்தில் இன்று நிற்பவர் அடுத்த காம்பராவில் வாழும் அண்ணன். அடுத்தமுறை வீடு சென்றபோது அவருக்கு நான்கு சோடி செவியடைப்பான்கள் வாங்கிச் சென்றேன். அவற்றை உருட்டிச் செருகும் முறையை அப்பாவே அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.