பட்டா தெற்கே, அனுபோகம் வடக்கே

நவம்பர் 12, 2025, புதன்

சைப்பிரஸ் தீவின் நிகோசியாவில் மகள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே மலைத்தொடர் முழுசாகத் தெரிகிறது. அதன் சரிவில் நானூறு மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு கொடியை வரைந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் சிவப்புப் பிறை, நட்சத்திரம், மேலும் கீழும் சிவப்புப் பட்டை. இருட்டியதும் விளக்கு எரிகிறது. துருக்கியைத் தவிர உலகில் எந்த நாடும் ஏற்காத 'வடக்கு சைப்பிரஸ் துருக்கியக் குடியரசின்' கொடி. தெற்கே இருப்பவர் கண்ணில் படவேண்டுமென்றே தெற்குச் சரிவில் வரைந்தது. "பழகிடும்ப்பா" என்றாள் மகள்.

ஆயுசு முழுக்கத் தமிழ்நாட்டு நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை அந்த ஊர் வரைபடத்தைத் தேடுவதுதான். 1878-ல் இந்தத் தீவின் நிர்வாகத்தை ஆட்டோமன் துருக்கியரிடமிருந்து பெற்ற கையோடு பிரிட்டிஷார் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். அளந்தவர் கிச்சனர். பின்னால் இந்தியாவில் படைத்தலைவராக இருந்து கர்சனோடு மல்லுக்கு நின்றாரே, அதே கிச்சனர்தான். 1885-ல் அவருடைய வரைபடம் அச்சானது. ஒரு தீவு, ஒரே படம். நடுவில் கோடு கிடையாது.

நவம்பர் 13, வியாழன்

நடுவில் ஓடும் கோட்டைப் பார்த்தேன்.

பழைய நகரத்தைச் சுற்றி வெனிஸ்காரர்கள் கட்டிய வட்டமான மதில், பதினொரு கொத்தளங்கள். ஐந்து தெற்கே, ஐந்து வடக்கே, ஒன்று நடுவில் ஐ.நா. வசம். மதிலுக்குள் கடைத்தெருவில் நடந்துகொண்டே இருக்கும்போது தெரு சட்டென்று முடிந்துவிடுகிறது. தார் டின்களில் காரை கொட்டி அடுக்கிய சுவர், மேலே முள்கம்பி, நீலமும் வெள்ளையும் அடித்த காவல் கூண்டு. இடுக்கு வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் இடிந்த மாடி, பால்கனிக் கம்பியில் படர்ந்த கொடி, 1974-க்கு முன் எழுதிய கடைப் பெயர்ப்பலகை.

இந்தக் கோடு 1974-ல் துருக்கிப் படை இறங்கியபோது வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 1963 டிசம்பரிலேயே போட்டுவிட்டார்கள். 1960-ல் சுதந்திரம் கிடைத்தபோது குடியரசுத் தலைவர் கிரேக்கர், துணைத் தலைவர் துருக்கியர், அரசு வேலையில் எழுபதுக்கு முப்பது என்று அரசியல் சாசனத்திலேயே பங்கு பிரித்திருந்தார்கள். மூன்று வருஷம் ஓடியது. குடியரசுத் தலைவராக இருந்த பேராயர் மக்காரியோஸ் அதில் பதின்மூன்று திருத்தங்கள் கேட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெட்டு, குத்து, துப்பாக்கி. அப்போது பீட்டர் யங் என்ற பிரிட்டிஷ் தளபதி, கையில் கிடைத்த பச்சை மெழுகுப் பென்சிலால் நிகோசியா படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். 'பசுமைக் கோடு' என்று பேர் நின்றுவிட்டது.

மெழுகுப் பென்சில்! ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்தாலும், பத்தாயிரத்துக்கு ஒன்று அளவுப் படத்தில் தரையில் பத்து மீட்டர் ஆகிறது. பத்து மீட்டரில் ஒருவன் வீடே போய்விடும். எங்கள் துறையில் ஒரு ஜூனியர் சர்வேயர் இப்படி வரைந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். இங்கே அது தீவின் குறுக்கே 180 கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது. நகரத்துக்குள் சில இடங்களில் மூன்றரை மீட்டர்கூட இல்லை, வெளியே ஏழு கிலோமீட்டர்வரை அகலம்.

நவம்பர் 14, வெள்ளி

லெத்ரா வீதி வழியாக வடக்கே போய்வந்தோம். அங்கே வழி திறந்தது 2008-ல். தெற்கே ஒரு கூண்டு, வடக்கே ஒரு கூண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான். கடைகளில் யூரோ போய் லிரா வந்தது. கோத்திக் தேவாலயத்தின் தலையில் இரண்டு மினார். 1570-ல் துருக்கியர் நகரைப் பிடித்தபோது பள்ளிவாசலானது. இங்கிருந்து வெளிநாடு பறக்க வேண்டுமானால் விமானம் துருக்கியில் இறங்கித்தான் போகவேண்டும். கடிதம் போட்டால் முகவரியில் 'மெர்சின் 10, துருக்கி' என்று எழுதவேண்டும். இருப்பது நிகோசியாவில், தபாலுக்குத் துருக்கி.

எனக்குச் சுவாரசியம் ரியல் எஸ்டேட் கடைக் கண்ணாடியில்தான். ஒவ்வொரு விளம்பரத்திலும் பத்திரம் என்ன ரகம் என்று போட்டிருக்கிறார்கள். இரு பக்கத்தாரும் பத்திரத்துக்குச் சொல்லும் பேர் 'கொச்சான்'. 1974-க்கு முன்பே துருக்கியர் பேரில் இருந்த நிலம் முதல் ரகம், விலை அதிகம். தெற்கே நிலத்தை விட்டு ஓடிவந்த துருக்கிய சைப்பிரியருக்கு ஈடாக, கிரேக்கர் விட்டுப்போன நிலத்தைப் புள்ளிக் கணக்குப் போட்டுக் கொடுத்தது இரண்டாம் ரகம். துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அரசு ஒதுக்கியது மூன்றாவது. விலை ரகத்துக்கு ரகம் இறங்குகிறது. அரசியல்வாதி வாயால் ஒப்புக்கொள்ளாததைச் சந்தை விலைப் பட்டியலாகவே போட்டுவிட்டது.

துபாயில் இருக்கும் என் தம்பி மகன் அனுப்பிய விளம்பரமும் இதே தினுசுதான். வடக்கே கடற்கரையில் அடுக்குமாடி வீடு, தவணை, நீச்சல் குளம். "பெரியப்பா, அங்கதானே இருக்கீங்க, இடத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்று வாட்ஸப். பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.

நவம்பர் 15, சனி

இன்று வடக்கே கொண்டாட்டம், தெற்கே கண்டனம். 1983-ல் இதே நாளில்தான் வடக்கு தனி நாடு என்று அறிவித்தது. மூன்றாம் நாளே அது செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. அங்கே சென்ற மாதத் தேர்தலில் இரண்டு நாடு வேண்டும் என்றவர் தோற்று, கூட்டாட்சி பேசும் துஃபான் எர்ஹுர்மான் ஜெயித்திருக்கிறார்.

தெற்கே உள்ள சைப்பிரஸ் குடியரசின் கொடியை வரைந்தவர் இஸ்மெத் குனெய், ஒரு துருக்கிய சைப்பிரியர். கிரேக்கரின் நீலமும் வேண்டாம், துருக்கியரின் சிவப்பும் வேண்டாம் என்று வெள்ளையில் செம்பு நிறத் தீவும் இரண்டு ஆலிவ் கிளையும். அழகான கொடி. ஆனால் தெற்கே பல கம்பங்களில் பக்கத்திலேயே கிரேக்கக் கொடி. வடக்கே துருக்கிக் கொடி இல்லாமல் அவர்கள் கொடி பறப்பதில்லை. தெற்கின் தேசிய கீதம் கிரேக்க நாட்டுடையது, வடக்கின் கீதம் துருக்கியுடையது. தீவுக்கென்று ஒரு பாட்டு கிடையாது. பாட்டு இரவல், நிலம் மட்டும் சொந்தம் என்று இருவருக்கும் அடித்துக்கொள்ளத் தெரிகிறது.

மலையில் கொடி இருக்கிறதே, அதன் அடிவாரத்து ஊரைப் பற்றி இன்று படித்தேன். 1974 ஆகஸ்டில் தெற்கே தோக்னி கிராமத்தில் துருக்கிய ஆண்களை பஸ்ஸில் ஏற்றிப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள் கிரேக்கத் தீவிரவாதிகள். மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் குடியேறிய ஊர் அது. இது தெரிந்தபின் அந்தக் கொடியை வெறும் வம்புக்கு வரைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காக அதைப் பார்க்கப் பிடிக்கிறது என்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் லார்னகா. அங்கே ஒரு வீதிக்கு நம் ஜெனரல் திம்மையா பேர். ஐ.நா. படைத்தளபதியாக இங்கே இருந்தபோது 1965 டிசம்பரில் இறந்துபோனார். மறு வருஷம் சைப்பிரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவருக்கு முன் கியானி, 1974 போரின்போது பிரேம் சந்த், மூவரும் இந்தியர். பக்கத்திலேயே டெக்கீலியா. அது இரு தரப்புக்கும் இல்லை, பிரிட்டிஷ் மண். சுதந்திரம் கொடுக்கும்போதே தீவில் 3 சதவீதத்தை ராணுவத் தளத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த 3 சதவீதத்துக்கு அறுபத்தைந்து வருஷமாகப் பெரிய எல்லைத் தகராறு இல்லை. சாமர்த்தியம்.

சாயங்காலம்தான் முக்கியம். கீழ்வீட்டில் எண்பது தாண்டிய கிரேக்க அம்மாள் ஒருவர். அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண் வவுனியாவைச் சேர்ந்தவர், கிரேக்கம் நன்றாகப் பேசுகிறார். நான் சர்வேயர் என்று கேள்விப்பட்டதும் அம்மாள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவரச் சொன்னார்.

"ஐயா, இது அம்மான்ர காணி உறுதி" என்று என் கையில் கொடுத்தார் அந்தப் பெண்.

மடிப்பில் நைந்து, பின்பக்கம் பசைநாடா ஒட்டிய தாள். எனக்கு எழுத்து புரியாது, ஆனால் கட்டங்கள் புரிந்தன. பதிவு எண், ஷீட், பிளான், பிளாட், நாற்புறம், பரப்பு இரண்டு தோனும் ஒரு எவ்லெக். ஒரு தோனும் என்பது 14,400 சதுர அடி, அதாவது நம் கணக்கில் 33 சென்ட். எவ்லெக் அதில் கால். ஆக 74 சென்ட் எலுமிச்சைத் தோட்டமும் வீடும், லாபித்தோஸில். கிரீனியா பக்கம், எலுமிச்சைக்குப் பேர் போன ஊர்.

"2003-ல பாதை திறந்தோன்ன போய்ப் பாத்தவாவாம். வீட்டில இருந்த ஆக்கள் உள்ள கூப்பிட்டு கோப்பி குடுத்தவையாம். அவையும் பாஃபோஸில காணி விட்டிட்டு ஓடி வந்தவையாம். 'உங்கட மரம் கொஞ்சம் பட்டுப்போச்சு, நாங்கள் புதுசு வச்சிருக்கிறம்' எண்டவையாம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அந்தப் புது மரத்துக்கு ஆர் சொந்தக்காரர் எண்டு கேக்கிறா. நீங்கள் அளவைக்காரர்தானே, சொல்லுங்கோவன்."

சொல்லவில்லை. பட்டா இருப்பவன் பக்கமா, அனுபோகத்தில் இருப்பவன் பக்கமா? நம் ஊரில் தனியார் நிலத்தில் பன்னிரண்டு வருஷம் எதிரிடை அனுபோகம் காட்டிவிட்டால் வழக்கின் போக்கே மாறிவிடும். இங்கே ஐம்பத்தோரு வருஷம். ஆனால் அந்த அனுபோகம் டாங்கிக்குப் பின்னால் வந்தது. 1974 ஜூலை 15-ல் கிரேக்க ராணுவ ஆட்சியாளர்களின் தூண்டுதலில் மக்காரியோஸ் மேல் கவிழ்ப்பு, 20-ல் துருக்கிப் படை. ஆகஸ்டுக்குள் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர் தெற்கே, பல்லாயிரம் துருக்கியர் வடக்கே. அந்த பாஃபோஸ் குடும்பத்தின் நிலத்துக்கும் கொச்சான் அவர்கள் பேரில்தான் இருக்கிறது. தெற்கு அரசின் உள்துறை அமைச்சர் அதற்குக் காப்பாளர்.

நவம்பர் 17, திங்கள்

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று மகளிடம் கேட்டுப் படித்தேன். ஒரே பாட்டாக இல்லை. கிரீனியாக்காரரான தித்தீனா லோயிசிது வழக்குப் போட்டார்; அவரே இன்னும் உரிமையாளர், துருக்கி ஈடு தரவேண்டும் என்றது ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம். 2003-ல் பணமும் வந்தது. லாபித்தோஸிலேயே ஒரு வழக்கு: மெலெத்திஸ் அப்போஸ்தொலிதிஸ் என்பவர் நிலத்தில் ஓரம்ஸ் என்ற பிரிட்டிஷ் தம்பதி பங்களா கட்டினார்கள். இடி என்றது நிகோசியா நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை இங்கிலாந்தில் நிறைவேற்றலாம் என்று 2009-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. மறு வருஷமே ஸ்ட்ராஸ்பூர்க் கொஞ்சம் பின்வாங்கி, முதலில் வடக்கே உள்ள சொத்து ஆணையத்துக்குப் போங்கள், இத்தனை காலத்துக்குப் பின் எல்லோருக்கும் நிலத்தையே திருப்பித் தருவது நடக்காது என்றது.

2004 வாக்கெடுப்பில், தீவை ஒன்றுசேர்க்க ஐ.நா. வைத்த அனான் திட்டத்தைக் கிரேக்கர்களில் 76 சதவீதம் வேண்டாம் என்றார்கள், துருக்கியர்களில் 65 சதவீதம் வேண்டும் என்றார்கள். தெரு முழுக்க அடையாளம், இறையாண்மை என்று பேச்சு. என் தொழில் புத்திக்கு வேறு மாதிரிப் படுகிறது. யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்ற கேள்விக்கு இவர்கள் ஒருவரையொருவர் கேட்காமலே விடை வைத்திருக்கிறார்கள். பதில் இல்லாதது புல எண் வாரியாக யாருக்கு எது என்பதற்குத்தான். கொடியை இறக்கச் சொன்னால் நாளைக்கே யாராவது இறக்குவார்கள். எலுமிச்சைத் தோட்டத்தை விடச் சொன்னால் விடமாட்டார்கள்.

இத்தனைக்கும் இந்த ஊரில் கழிவுநீர்க் குழாய் ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில் லெல்லோஸ் தெமெத்ரியாதிஸ், முஸ்தஃபா அக்கின்ஜி என்ற இரு மேயர்கள் உட்கார்ந்து பேசி முடித்த காரியம். யார் நாடு என்று பேசவில்லை. எந்தத் தெருவின் சாக்கடை எந்தப் பள்ளத்துக்கு ஓடும் என்று பேசினார்கள். காணாமல்போனவர் பட்டியலும் பொது. இரு தரப்பிலுமாக 2,002 பேர். ஆயிரத்துக்கு மேற்பட்டவரின் எலும்பை இரு தரப்பு நிபுணர்களும் சேர்ந்து தோண்டி, அடையாளம் கண்டு, குடும்பத்திடம் கொடுத்திருக்கிறார்கள். கணக்காக உட்கார்ந்தால் இவர்களால் முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு இரண்டு பக்கத்து நிலப் பதிவேட்டையும் மேசையில் வைத்து ஆரம்பிக்கட்டும். அந்த அம்மாளின் தலைமுறை இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை.

இரவு துபாய்க்குப் பதில் எழுதினேன்: "வாங்காதே. மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் பட்டா தெற்கே இருக்கும் ஒருவர் பேரில் இருக்கும். இப்படிப்பட்ட நிலத்தை விற்ற வெளிநாட்டுக்காரர்களைத் தெற்கே பிடித்து ஜெயிலில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தரகர் காட்டும் பத்திரம் நிஜப் பத்திரம்தான், ஆனால் அதைக் கொடுத்த அரசைத் துருக்கி ஒன்றுதான் ஏற்கிறது. யாராவது கேட்டாலும் இதையே சொல்."