வாப்பா சொன்ன முடிவு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். "உங்களுக்குப் பிடித்த கதாபாத்திரம் ஒன்றை எடுங்கள். கதை முடிந்த பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்." முக்கால்வாசிப் பேர் எடுத்தது 'பொன்னியின் செல்வன்'. புத்தகம் வாசித்தவர்கள் இரண்டே பேர்தான். மற்றவர்கள் அண்ணன்மாரின் போனில் படம் பார்த்தவர்கள்.

அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது. படத்தில் மதுராந்தகன்தான் முடிசூடுகிறான். புத்தகத்தில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவந்து, அவன் முடிசூடுகிறான். "எது டீச்சர் சரி?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் மிகவும் உறுதியாகப் பதில் சொல்லி, அதனால் ஒருவரை வாயடைக்க வைத்திருக்கிறேன். அவர் என் வாப்பா.

டிக்கோயாப் பக்கம் வாப்பாவுக்கு ஒரு சின்னச் சில்லறைக் கடை இருந்தது. உம்மா மௌத்தாகும்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அந்த வருஷம்தான் வாப்பா எங்களுக்குப் பொன்னியின் செல்வன் சொல்லத் தொடங்கினார். இஷா தொழுதுவிட்டுக் கடைப் பலகைகளைப் போட்டுவிட்டு வருவார். வெளியே மழையும் பனியும். கரண்ட் பாதி நாள் இருக்காது. லாம்பு வெளிச்சத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான்.

சவர்க்காரப் பெட்டிகளுக்கு மேல் தட்டில் நாலு பாகங்கள் இருந்தன. ஐந்தாவது இல்லை. "ஆரோ வாசிக்க எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரல்ல. மிச்சத்த நான் சொல்றன் மகள்" என்பார்.

வாப்பா சொன்ன முடிவில் ஊமை ராணி மந்தாகினி சோழ நாட்டிலிருந்து படகேறி, திரும்பவும் நமது இலங்கைக்கே வந்துவிடுவாள். காட்டில் மான்களோடு கிழவியாகும்வரை இருப்பாள். கடம்பூர் மணிமேகலைக்குக் கடும் காய்ச்சல் வரும். நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோய் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வோம். ஏழாம் நாள் அவளுக்குச் சுகமாகிவிடும். பிறகு கடம்பூரில் பெண் பிள்ளைகளைச் சேர்த்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள். தம்பி ஒவ்வொரு தடவையும், "அவ மௌத்தாகல்ல தானே வாப்பா?" என்று கேட்பான். "இல்ல மகன். நல்லா இருந்தா."

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் படிக்கப் போனபோது அங்கே நூலகத்தில் ஐந்தாம் பாகம் கிடைத்தது. தியாகச் சிகரம். இரண்டு இரவில் முடித்தேன். ஊமை ராணி, சுந்தர சோழரை நோக்கி எறியப்பட்ட வேலைத் தன் உடம்பில் வாங்கி இறந்துபோகிறாள். மணிமேகலை கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவனின் மடியில் உயிரை விடுகிறாள்.

அடுத்த நாள் காலையிலேயே வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். பெரிய கண்டுபிடிப்புச் செய்த சந்தோஷம் எனக்கு. "வாப்பா, நீங்க சொன்னதெல்லாம் பிழை. ரெண்டு பேரும் மௌத்தாகிடுறாங்க." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்படியா மகள்? நல்லம். நீங்க சரியானத வாசிச்சிட்டீங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. என் மகள் கதை கேட்டு மடியில் ஏறினாலும், "உங்கட உம்மாட்டக் கேளுங்க. அவக்குத்தான் சரியாத் தெரியும்" என்று இறக்கிவிடுவார். அதை நான் பகிடி என்றே நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

வாப்பாவின் ஜனாஸா முடிந்து மூன்றாம் நாள், பேச்சோடு பேச்சாக மாமா சொன்னார்: "அஞ்சாம் பாகமா? அது எங்கட வீட்டுல தானே கெடக்கு. உங்கட உம்மா மௌத்தான கிழமை உங்கட வாப்பாவே கொண்டுவந்து வெச்சார். புள்ளைகள்ட கண்ணுல இப்ப பட வேணாம் எண்டார்."

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. உம்மாவை அடக்கிவிட்டு வந்த வீட்டில், கதையில் ஒரு பெண்ணாவது சுகமாகி எழும்பட்டும் என்று நினைத்திருக்கிறார். நான் "பிழை" என்று சொன்னபோதுகூட விளக்கம் சொல்லவில்லை.

இது தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் எழுதிய தொடர்ச்சிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை "கல்கி முடித்த கதையில் கைவைக்க இவர்கள் யார்?" என்று நினைத்த ஆள் நான். கல்கி வாரஇதழில் 1950 முதல் 1954 வரை வந்த கதை அது. முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. வந்தியத்தேவன் என்ன ஆனான், குந்தவையை மணந்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்கியே முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதே 1954 டிசம்பரில் அவர் காலமானார். பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பல வருஷங்கள் கழித்து அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். கல்கியின் நகைச்சுவை அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் வாசித்து முடித்துவிட்டு மூட மனமில்லாத ஒரு வாசகரின் கை அவற்றில் தெரிகிறது. அந்தக் கை எனக்குப் பழக்கமான கை.

கல்கி பாதியில் விட்டுப்போன 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார். வாப்பா விட்ட இடத்திலிருந்து மகள். இதை அறிந்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இது புதுப் பழக்கமும் அல்ல. சிலப்பதிகாரம் இளங்கோவடிகள் எழுதியது. அதில் வரும் மாதவியின் மகளை எடுத்து மணிமேகலை எழுதியவர் சாத்தனார். ஒருவர் கதையில் சின்னப் பிள்ளையாக வந்தவள் இன்னொருவர் கையில் காப்பியத்துக்கே நாயகி ஆகிறாள். இரண்டையும் இரட்டைக் காப்பியம் என்று நாமே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். ஷெர்லக் ஹோம்ஸ் கதையும் அப்படித்தான். கொனன் டொயில் 1893இல் அவரைக் கொன்றார். வாசகர்கள் சண்டை பிடித்து உயிரோடு மீட்டெடுத்தார்கள். டொயில் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் புதுப் புது ஆட்கள் ஹோம்ஸை எழுதுகிறார்கள்.

இனி அந்தக் கட்டுரைகள். அதிகமானவர்கள் வந்தியத்தேவனுக்குக் கல்யாணம் செய்து வைத்திருந்தார்கள். ஒரு பையன் அவனை ஹட்டன் ஸ்டேஷனில் இறக்கி ரொட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். பிந்தி எழுதித் தந்த ஒரு பிள்ளை பூங்குழலியை எடுத்திருந்தாள். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். இவள் பாட்டியோடு லயத்தில் இருக்கிறவள்.

அவள் கதையில் பூங்குழலிக்கு அரண்மனை பிடிக்கவில்லை. திரும்பவும் கோடிக்கரைக்கு வந்து படகை எடுக்கிறாள். எண்ணூறு வருஷம் சாகாமல் படகோட்டுகிறாள். ஒரு நாள் கங்காணி ஒருவன் கூட்டமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கரையில் தேங்காய், மாசி எல்லாம் தேயிலைத் தூருக்கடியில் கிடக்கும்" என்கிறான். பூங்குழலி அவர்களை ஏற்றுகிறாள். நடுக்கடலில், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து வழியில் செத்துப்போனவர்கள் அவளோடு பேசுகிறார்கள். அவள் ஆட்களிடம் கேட்கிறாள்: "போகணுமா, திரும்பணுமா? நீங்களே சொல்லுங்க."

அத்தோடு நிறுத்தியிருந்தாள். "ஏன் முடிக்கல்ல?" என்று கேட்டேன். "பாட்டி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி சொல்லும் டீச்சர். ஒரு நாளைக்குத் திரும்பியிருக்கணும்னு சொல்லும். ஒரு நாளைக்கு, திரும்பியிருந்தா நீ ஏதுடின்னு கேக்கும்."

2023இல், மலையகத்துக்கு 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அதைப் பற்றி வந்த எத்தனையோ கட்டுரைகளை வாசித்தேன். இந்தக் கேள்வியை நான் அவற்றில் காணவில்லை.

சிவப்புப் பேனா கையில் இருந்தது. சோழர் காலம் வேறு, கங்காணி காலம் வேறு. ஒரு மனுஷி எண்ணூறு வருஷம் வாழ முடியாது. பிழை என்று போட எல்லாம் இருந்தது. வாப்பாவின் அந்தக் கோலில் சத்தமில்லாமல் போன சில நொடிகள் ஞாபகம் வந்தன. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, கீழே "மிச்சத்தையும் எழுதுங்கள் மகள்" என்று எழ்திக் கொடுத்தேன்.

அடுத்த நாள் வகுப்பில் "எது சரி?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னேன். "கல்கி எழுதினது கல்கியின் முடிவு. பரீட்சைக்கு வந்தால் அதை எழுதுங்கள். படத்தில் வருவது படம் எடுத்தவர்களின் முடிவு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, டிக்கோயா முடிவு" என்று சொல்லி, வாப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். மணிமேகலைக்குக் காய்ச்சல் வந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வாங்கிலிருந்து ஒருவன், "செத்துற மாட்டால்ல டீச்சர்?" என்றான்.

"இல்ல மகன். நல்லா இருந்தா."

அன்று இரவு என் மகளுக்கும் முதலாம் பாகத்திலிருந்து சொல்லத் தொடங்கியிருக்கிறேன். ஐந்தாம் பாகம் மாமா வீட்டிலேயே இருக்கட்டும். அவள் பெரியவளாகித் தானாகவே தேடி வாசிப்பாள். "உம்மா, நீங்க சொன்னது பிழை" என்று என்னிடம் வந்து சொல்லுவாள். அன்றைக்கு நான் சும்மா இருக்க மாட்டேன். அவளுடைய உம்மம்மா யார், வாப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு கதையை இப்படி மாற்றிச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் உயிரோடு இருந்தால், ஏன் என்று இன்றைக்கே கேளுங்கள். வாப்பாவின் மறுமைக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.