நாலு நாள் தவணை

பலமனேர் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் கடைசி வாரம் யாருக்கும் தூக்கமில்லை. ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் இலையை அரைக்கும் சத்தம் இரவெல்லாம் தூறல் மாதிரி கேட்கும். புழு தின்னும் இலையில் பெரும் பங்கு இந்தச் சில நாட்களில்தான் தீரும். அந்தச் சத்தத்துக்கு நடுவே வீட்டு அம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவது ஓர் ஈயை.

ஊசி ஈ வங்காளத்துச் சரக்கு. 1980-ல் பட்டுக்கூடுகளோடு ஒட்டிக்கொண்டு கர்நாடகத்துக்கு வந்தது. பிறகு ஆந்திரம், தமிழகம். புழுவின் தோலில் முட்டை வைக்கும். இரண்டு மூன்று நாளில் அது பொரிந்து உடலுக்குள் புகும். வெளியே தெரிவது ஒரு கறுப்புத் தழும்பு மட்டும். இளம்புழு என்றால் கூடு கட்டாமலே சாகும். முதிர்ந்தது கூடு கட்டினாலும், ஈப்புழு அதைத் துளைத்து வெளியேறும். ஒரே இழையாக வர வேண்டிய கூட்டில் ஓட்டை விழுந்தால் நூற்பவருக்கு அது கழிவு.

மருந்தடிக்கவும் வழியில்லை. பட்டுப்புழுவும் பூச்சிதானே. ஆகவே ஜன்னலுக்கு வலை, தரை விரிசலுக்கு சிமெண்ட் பூச்சு. ஈயின் கூட்டுப்புழுவை அழிக்கும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற குட்டிக் குளவியையும் விடுகிறார்கள்.

வலைக்கு அடங்காத ஆபத்து வேலிக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்து நிலம் தக்காளி. அவருக்கும் அவர் பயம்: காய்ப்புழு, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய், போதாக்குறைக்கு 2014-ல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்ட ஊசிப்புழு. வட்டிக்கு வாங்கிப் போட்ட பயிர். மருந்தடிக்காதே என்று சொல்ல யாருக்கு உரிமை? ஆனால் காற்று திரும்பினால் அந்த மருந்து மல்பெரி இலையில் படியும். அதைத் தின்ற புழு பிழைக்காது. ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் குப்பைக்குழிக்குப் போகும்.

அண்ணா, நாலு நாள் பொறுத்துக்குங்க என்று காலையிலேயே கேட்டுவிட்டு வந்திருந்தார் அம்மாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. செடியைப் புரட்டி, துளை விழுந்த ஒரு காயைக் காட்டினார்.

மாலையில் அவருடைய தெளிப்பான் கிணற்று மேட்டில் கவிழ்த்துக் கிடந்தது. அம்மாள் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அரிவாளோடு இலை அறுக்கப் போனார், வேலியோரத்து நாலு வரிசையைத் தொடாமல்.