அசைவே ஆணை

விரல் நுனியால் ஒரு பொத்தானை அழுத்துதல் மிகச் சிறிய செயல். அழுத்திய அளவில் விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது. நாள்தோறும் பன்முறை இதனைச் செய்வோர், தாம் ஒரு செயல் செய்ததாகவே எண்ணுவதில்லை. ஆனால், கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த ஒருவருக்கோ, அந்தப் பொத்தான் எட்டாத மலையுச்சியில் இருப்பது போன்றதாகும். விளக்கை அணைப்பதற்கும் அவர் பிறரை அழைத்தல் வேண்டும். உடனிருப்போர் அன்புடையவரே எனினும், நள்ளிரவில் அவர்தம் துயிலைக் கலைக்க மனம் ஒருப்படுவதில்லை. ஆகவே, குளிர் வருத்தினும் விசிறியின் கீழே கிடப்பார். கண் கூசினும் விளக்கொளியில் விழித்திருப்பார். உடல் நோயினும், ஒவ்வொன்றிற்கும் பிறர் கையை எதிர்நோக்கும் இந்நிலையே பெருந்துன்பமாவதும் உண்டு.

இத்துன்பத்தைத் துடைக்க முற்பட்டவருள் ரெக் மேலிங் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் சிதைந்தோருக்கெனத் தனிப் பிரிவு ஒன்று 1944-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அத்தகைய நோயாளர்க்குத் தொண்டு செய்து வந்த மேலிங், அவர்கள் ஊதுகுழலை ஊதி உதவிக்கு ஆள் அழைப்பதைக் கண்டார். மூச்சினால் ஆளை அழைக்கலாம் எனின், கருவிகளையும் ஏன் இயக்கலாகாது? இவ்வெண்ணமே ஒரு புதிய பொறிக்கு வித்தாயிற்று. 1960-ஆம் ஆண்டில் அவர் அமைத்த அப்பொறியில், வாயருகே ஒரு குழாய் இருக்கும். அதனுள் ஊதினாலும் உறிஞ்சினாலும் காற்றின் அழுத்தம் மாறும். அம்மாற்றம் மின்விசையைத் திறக்கும் அல்லது மூடும். இம்முறையால் படுக்கையில் கிடந்தவாறே தட்டச்சுப் பொறியை இயக்கவும், விளக்கை ஏற்றவும், வானொலி கேட்கவும் வழி பிறந்தது. 'நோயாளர் தாமே இயக்கும் தெரிவுப் பொறி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து, அதற்குப் 'போசம்' என்னும் பெயர் அமைந்தது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்பது பொருள். இதனினும் பொருத்தமான பெயர் அக்கருவிக்கு வாய்த்தல் அரிது.

மூச்சொன்றையே துணையாகக் கொண்டவர்க்கு அக்கருவி பெரிதும் உதவிற்று. ஆயினும், உடலியக்கம் குன்றியோர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். சிலருக்குக் கை சிறிது அசையும். ஆனால் நுண்ணிய பொத்தானை அழுத்த விரல் வளையாது. சிலருக்குத் தலை மட்டும் திரும்பும். எஞ்சி நிற்கும் அவ்வசைவையே ஆணையாகக் கொள்ளும் கருவி வேண்டும். அது படுக்கையோடு நின்றுவிடாமல், உடையும் அணியும் போல உடலோடு இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாட் ஸ்டார்னர் முதலிய ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் இத்தகைய அணியொன்றை அறிமுகம் செய்தனர். அது கழுத்தில் அணியும் பதக்கம் போன்றது. அதனுள் ஒரு சிறு ஒளிப்படக்கருவியும், அதனைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் வீசும் நுண்விளக்குகளும் இருந்தன. அக்கதிர் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் இருளிலும் கையின் அசைவைக் கருவி கண்டுகொள்ளும். மார்பின் முன்னே கையை உயர்த்துதல், தாழ்த்துதல் முதலிய குறிப்புகளே வீட்டுக் கருவிகளுக்கு ஆணைகளாயின.

அசைவை ஒளியின்றியும் அறியலாம். ஓடத் தொடங்கும் பேருந்தில் நிற்பவர் பின்னோக்கிச் சாய்வதை மாணவர் அறிவர். 'முடுக்கமானி' என்னும் உணர்கருவி இந்நெறியினாலேயே இயங்குகின்றது. மிக நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று, வில் போன்ற தாங்கிகளில் அதனுள் நிற்கின்றது. கருவி அசையும்போது அத்துண்டு சற்றே பின்தங்கும். அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அம்மாற்றம் மின்குறிப்பாக வெளிப்படும். மோட்டார் வண்டி மோதும்போது காற்றுப்பையை விரியச் செய்வதற்கு 1990-களில் பயன்பட்ட இவ்வுணர்கருவி, பின்னர்க் கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் இடம் பெற்றது. இதனை மணிக்கட்டிலோ தலைப்பட்டையிலோ பொருத்தினால், கை சாய்வதையும் தலை அசைவதையும் உணர்ந்து வானலை வழியே செய்தி அனுப்பும். அதனைப் பெறும் சிறு பெட்டி விளக்கையோ விசிறியையோ இயக்கும்.

இவ்வளவும் எளிது போலத் தோன்றும். அருமை இனித்தான் இருக்கின்றது. பார்க்கின்சன் நோயுற்றவரின் கை, ஓய்ந்திருக்கும்போதே நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை நடுங்குவது உண்டு. தண்டுவடம் சிதைந்தவரின் தசைகள் எண்ணாத நேரத்தில் வெட்டியிழுக்கும். இவற்றையெல்லாம் ஆணையெனக் கொண்டால் விளக்கு எரிந்தும் அணைந்தும் அல்லற்படும். எனவே, விரைந்த நடுக்கத்தை நீக்கி, மெல்லென நிகழும் எண்ணிய அசைவை மட்டும் கருவி தேர்ந்தெடுத்தல் வேண்டும். காலையில் நன்கு உயரும் கை, மாலையில் சோர்ந்து பாதியே உயரலாம். அதற்கேற்பவும் அது இணங்குதல் வேண்டும். விளக்கு தவறி எரிந்தால் தீங்கில்லை; அடுப்போ தவறி எரியலாகாது. ஆதலின், இடர் மிகுந்த கருவிகளை இயக்க ஒரு குறிப்புப் போதாது. அதனை உறுதி செய்யும் மற்றொரு குறிப்பும் வேண்டும்.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. கருவியின் முறைக்கு மனிதர் பழக வேண்டும் என்பதன்று. மனிதரின் இயல்பைக் கருவி கற்க வேண்டும் என்பதே அது. இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்குக் கை முற்றும் செயலிழந்தபின், கன்னத் தசையின் மெல்லிய அசைவு எஞ்சியிருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய அகச்சிவப்பு உணர்கருவி அவ்வசைவை அறிய, அவர் கணிப்பொறியின் வாயிலாகச் சொற்களைத் தெரிந்தெடுத்து உலகத்தோடு பேசினார். அவருக்குப் பொருந்திய கருவி இன்னொருவருக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் மாற்றுத் திறனாளிகள் 227 பேரிடம் நடத்தப்பெற்று 1993-இல் வெளியான ஆய்வொன்று, அவர்கள் பெற்ற துணைக்கருவிகளுள் நூற்றுக்கு 29 முற்றும் கைவிடப்பட்டன என்று கூறுகின்றது. பயன்படுத்துவோரின் கருத்தைக் கேளாமல் கருவியைத் தேர்ந்தமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. இரக்கத்தால் கொடுப்பது மட்டும் போதாது; 'உமக்கு எது வேண்டும்?' என்று கேட்டறிந்து கொடுப்பதே உண்மை உதவியாகும்.

கருவி வந்தபின் உற்றாரும் செவிலியரும் வேண்டா என்பது கருத்தன்று. அன்பான சொல்லையும், தலையைக் கோதும் கையையும் எந்தப் பொறியும் தர இயலாது. ஆயினும், விளக்கை அணைப்பதற்காக அழைப்பதும், உரையாடி மகிழ்வதற்காக அழைப்பதும் ஒன்றல்ல. தன் அறையின் ஒளியையும் காற்றையும் தானே ஆள்பவர், பிறரோடு நிகராக நின்று உறவாடுகின்றார். பொறியியலும் மருத்துவமும் பயில விரும்பும் இளைஞர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். விண்வெளிக்குக் கலம் செலுத்துதல் அரிய கலைதான். படுத்த படுக்கையில் இருக்கும் ஒருவர் தம் விளக்கைத் தாமே அணைத்து உறங்கச் செய்வதும் அதற்குக் குறைந்த கலையன்று.