நெருக்கியவன்

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வயதில் கூட்டாளிகள் தரும் நெருக்கடியைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லாரும் நெருக்கடிக்கு ஆளானவர்கள். நான் நெருக்கியவன்.

2000-ஆம் ஆண்டு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் என் நண்பனும் நானும் பத்தாம் வகுப்பு முடித்தோம். அவன் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. எந்த வீட்டில் எத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினார்கள், முன்பணம் போக யாருக்கு எவ்வளவு கூலி என்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேரேட்டில் பதிவு செய்வான். அல்ஜீப்ரா அவனுக்கு வராது. பேரேட்டில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். வணிகவியல் உள்ள மூன்றாவது குரூப் எடுத்து, பிறகு சி.ஏ. படிப்பது என்று முடிவு செய்திருந்தான்.

"மூணாவது குரூப்பு மக்குப் பயலுக எடுக்கிறதுடா" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். "அங்க போனா எங்களோட சேராத" என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். நான் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லியே கணிதமும் இயற்பியலும் உள்ள முதல் குரூப்புக்கு அவனை இழுத்துவந்தேன்.

அப்போது ஊரெங்கும் கம்ப்யூட்டர் பேச்சுதான். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்கு என்ஜினியரிங் கட்-ஆப் என்று எல்லா வீட்டிலும் கணக்குப் போட்டார்கள். எனக்கு இயற்பியல் என்றாலே பயம். அந்த வகுப்பில் தனியாக உட்காரப் பயந்தேன். பக்கத்தில் அவன் வேண்டும். இவ்வளவுதான் காரணம். அவனுக்குக் கணிதம் வராது என்பது வேறு யாரையும்விட எனக்குத் தெரியும். பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியவன் அவன்.

அப்போது பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் 200-க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. கணிதத்தில் அவன் அதைத் தொடவில்லை. அந்தக் கோடையில் கவுன்சலிங்குக்காகக் கிண்டிக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளியிருந்த அவன் வீட்டுக்குப் போகவில்லை. "உன்னாலதானடா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவானோ என்று பயம்.

இன்றுவரை அவன் கேட்கவில்லை. "எனக்குத் தலையில ஏறல" என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். செய்த காரியத்தைவிட இந்த மௌனம் பெரிய குற்றம் என்றே நினைக்கிறேன். அன்று எனக்குப் பதினைந்து வயது. மௌனத்துக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது.

மறுதேர்வு எழுதித் தேறினான். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பி.காம். முடித்தான். சி.ஏ.வுக்குப் போக அதற்குமேல் வீட்டில் வசதியில்லை. இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது திணறிய கடைக்காரர்கள் அவனைத்தான் தேடி வந்தார்கள். அறிக்கை முழுவதையும் அவன் தயாரிப்பான், கையெழுத்து வேறொருவருடையது. "நல்லாத்தானே இருக்கான்" என்று சொல்கிறவர்களிடம் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

போன கோடையில் மகனுக்கு எந்தக் குரூப் வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டான். பையனுக்கு எதில் விருப்பம் என்று கேட்டேன். "அவன் கூட்டாளிங்க எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸாம், அதான் யோசிக்கிறான்" என்றான். அப்போதாவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். பையனை ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேனே தவிர, என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.