டிராகன் அல்ல, லூங்

மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு வீடியோ கேமில் என்ன வேலை? இழுத்துப் போனவை சொற்கள்தான். 2024 ஆகஸ்டில் சீனாவின் 'கேம் சயன்ஸ்' நிறுவனம் வெளியிட்ட 'பிளாக் மித்: வூகாங்', 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'மேற்கு நோக்கிய பயண'த்திலிருந்து பிறந்தது. புத்த நூல்களைத் தேடி இந்தியா வரும் துறவியும், அவருக்குத் துணையாக வரும் குரங்கு வீரன் சுன் வூகாங்கும் நாவலின் நாயகர்கள். துறவிக்கு முன்மாதிரி, 7ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த யுவான் சுவாங்.

நாவலைச் சுருக்கி 1942இல் ஆங்கிலமாக்கிய ஆர்தர் வேலி, அதற்கு 'மங்கி' என்றே பெயரிட்டார். கேமின் ஆங்கில வடிவமோ வூகாங்கை வூகாங் என்றே அழைக்கிறது. எதிர்ப்படும் மாய உயிர்கள் 'டீமன்' அல்ல, 'யாவ்குவாய்'. சீன நாகம் 'டிராகன்' அல்ல, 'லூங்'. காரணம் இருக்கிறது. ஐரோப்பியக் கதைகளில் டிராகன் பெரும்பாலும் வீரன் வெட்டிச் சாய்க்க வேண்டிய கொடிய பிராணி. சீனர்களுக்கு லூங் மழை தரும் தெய்வம். பெயரை மாற்றினால் தெய்வம் பகையாகிவிடும்.

எம்.ஏ. வகுப்பில் படித்த 'அணங்கு' நினைவுக்கு வருகிறது. அழகு, அச்சம், வருத்தம், தெய்வம் எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்பிரிட்' என்றால் பாதிகூடத் தேறாது.

கேமில் உருவம் கண்ணெதிரே நிற்கிறது. பெயர் தானே விளங்கிவிடும். அச்சில் அந்த வசதி இல்லை. அணங்கை அணங்காகவே விட்டால், அவள் யாரென்று அடுத்த வாக்கியம் காட்டியாக வேண்டும். அது கூடுதல் உழைப்பு. ஆனாலும் செய்யத்தக்க உழைப்பு.